அவளுக்கு ரெண்டு வருஷமா தெரியும், எனக்கு போன வாரம்தான் தெரியும். என்ன பண்றது?

பேர்வேண்டாம்18:
புது ஐடி, இதுக்காகவே ஆரம்பிச்சது. ஊர் பேர் கேக்காதீங்க, நாமக்கல் மாவட்டம், எங்க வீட்ல ரிக் வண்டி ஓடுதுனு சொன்னாலே பாதி பேருக்கு எந்த ஊர்னு தெரிஞ்சிடும். எனக்கு 18, கோயமுத்தூர்ல ஃபர்ஸ்ட் இயர், ஹாஸ்டல்.

அப்பாக்கு ரிக் வண்டில போர்வெல் போடற தொழில். வருஷத்துல முக்காவாசி நாள் எம்பி (மத்தியப் பிரதேசம்), மகாராஷ்டிரானு வண்டி கூடவே போயிடுவாரு, அங்க மழை புடிச்சாதான் வண்டி ஊருக்கு திரும்பும், அப்ப கொஞ்ச நாள் வீட்ல இருப்பாரு. ஊர்ல ஒரு சின்ன ஆபீஸ் இருக்கு, டீசல் கணக்கு, ஆளுங்க அட்வான்ஸ், ஃபைனான்ஸ் டியூனு எல்லாத்தையும் ஒரு அத்தை பாத்துக்கறாங்க. சொந்த அத்தை இல்ல. அவங்க வீட்டுக்காரர் எங்க முதல் வண்டில டிரில்லரா இருந்தவர், அவர மாமானு கூப்பிடுவேன். நான் ஏழாவது படிக்கறப்ப எம்பில ஒரு சைட்ல ரிக்கோட மாஸ்ட் கம்பத்த தூக்கறப்ப மேல போன கரண்ட் லைன்ல பட்டு அங்கயே இறந்துட்டாரு. அதுக்கப்பறம் அப்பா அத்தைக்கு ஆபீஸ்ல வேலை போட்டு குடுத்தாரு, அப்பல்லாம் ஊரே அப்பாவ தூக்கி வெச்சு பேசுச்சு.

அவங்க பொண்ணு என்னைவிட ஒரு வருஷம் சின்னவ, இப்ப ப்ளஸ் டூ. ஆயுத பூஜைக்கு வண்டிக்கெல்லாம் சந்தனம் வெச்சு பொட்டு வெக்கறப்ப பேச ஆரம்பிச்சது. லவ்வுனா பெருசா ஒண்ணும் இல்லைங்க, டியூஷன் விட்டு சைக்கிள தள்ளிட்டே நாலு தெரு நடக்கறது, நைட்டு மெசேஜ், தேர் நோம்பி கூட்டத்துல ஒரு தடவ கைய புடிச்சது, அவ்வளவுதான். ஆனா எனக்கு அதுதான் எல்லாமே.

போன வாரம் லீவுக்கு போனப்ப, எங்கம்மாகிட்ட நம்ம விஷயத்த சொல்லிடறேன்னு சொன்னேன். வேண்டாம்னு அழுதா. ஏன் ஏன்னு நான் கேட்டுட்டே இருந்ததுல கடைசில சொல்லிட்டா, உங்கப்பா ஊர்ல இருக்கறப்ப எங்க வீட்டுக்கு வருவாரு, எனக்கு பத்தாவதுல இருந்து தெரியும்னு. நான் மண்டு மாதிரி "கணக்கு பாக்க வந்திருப்பாரு"ங்கறேன்.

ரெண்டு வருஷமா தெரிஞ்சிட்டே என்கூட பேசிருக்கா. எங்கப்பாவ பத்தி நான் பெருமையா அளந்து விட்டதெல்லாம் உம் கொட்டிட்டு கேட்டுட்டு இருந்திருக்கா. அப்பா மேல வர்ற கோவத்தவிட இவ மேலதான் ஜாஸ்தி வருது, ஏன்னே தெரியல. அம்மாக்கு தெரியாது. எட்டாவது படிக்கற தங்கச்சி இருக்கா. அம்மாகிட்ட சொல்லணுமா? இவள விட்டுடணுமா?

மதுரைக்காரன்:
தம்பி நெசமாத்தான் சொல்றியா, இல்ல சீரியலுக்கு கதை எழுதிப் பழகுறியா? அடுத்த வாரம் அவ உன் தங்கச்சினு வந்து நிப்பாங்க பாரு 😂

பேர்வேண்டாம்18:
அண்ணா நீங்க சிரிக்கறீங்க, நான் அதையேதான் ராத்திரி முழுக்க நெனச்சிட்டு படுத்திருந்தேன். அப்படி இல்ல. மாமா இறந்தப்ப அவ ஆறாவது. மூக்கு, நெத்தி எல்லாம் மாமா ஜாடை, ஊர்ல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. அதுக்கு முன்னாடி எதுவும் இல்லைனு அவளே அவங்கம்மாகிட்ட கேட்டிருக்கா. ஒரு பொண்ணு பெத்த அம்மாகிட்ட அத எப்படி கேட்டிருப்பானு யோசிச்சா எனக்கே ஒரு மாதிரி ஆயிடுது.

மதுரைக்காரன்:
சரி விடுப்பா, தெரியாம நக்கல் அடிச்சிட்டேன்.

ஓய்வுவாத்தியார்:
தம்பி, 34 வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இந்த வயதில் படிப்பு ஒன்றுதான் முக்கியம். அப்பா செய்தது தவறாகவே இருக்கட்டும், அதைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பெண்ணோடு தொடர்பை இன்றோடு நிறுத்திவிடு. உன் அப்பா அந்த அம்மாளோடு இருக்கிறார் என்றால் அந்தப் பெண் உனக்குத் தங்கை முறை ஆகிவிடுகிறது. குடும்ப மானம் வெளியே போகக்கூடாது.

ஈரோட்டுஅக்கா:
ஏனுங்க சார், தப்பு பண்றது அந்த மனுஷன், முறை மாறிப்போறது இந்த குழந்தைங்களுக்கா? நேத்து வரைக்கும் அத்தை மகளா இருந்தவ இன்னைக்கு தங்கச்சி ஆயிட்டாளா? பெரியவங்க பாத்துக்குவாங்கனு சொல்றீங்க, அவங்க பாத்துக்கிட்ட லட்சணம்தான் இந்தப் பையன் ஹாஸ்டல்ல தூங்காம உக்காந்து டைப் பண்ணிட்டு இருக்கான்.

கறுப்புக்கோட்டு:
வக்கீல். முறைனு பேச்சு வந்ததால சொல்றேன். இந்து திருமணச் சட்டம் 1955ல தடை செய்யப்பட்ட உறவுனு ஒரு பட்டியல் இருக்கு. அரை ரத்தம், திருமணத்துக்கு வெளிய பொறந்த உறவு எல்லாம் அதுல அடங்கும், ஆனா ரத்தமே இல்லாத இந்த மாதிரி உறவு அதுல வராது. சட்டப்படி தங்கச்சி கிடையாது.

ஆனா கல்யாணப் பேச்சே இப்ப வேண்டாம், ஆணுக்கு 21 ஆகணும். இன்னொண்ணு முக்கியம், தம்பி நல்லா கேட்டுக்கோ. உனக்கு 18 முடிஞ்சிருச்சு, அவளுக்கு முடியல. போக்சோ சட்டத்துல 18க்கு கீழ இருக்கறவங்க சம்மதம் சம்மதமே ஆகாது. நீங்க தப்பா எதுவும் நடந்துக்கலைனு நம்பறேன், ஆனா இந்த விவகாரம் வெடிச்சு ரெண்டு வீட்டுக்கும் சண்டைனு ஆச்சுன்னா, கோவத்துல யாராவது ஸ்டேஷன்ல ஒரு புகார் எழுதி குடுத்தா மாட்டறது உங்கப்பா இல்ல, நீ.

பேர்வேண்டாம்18:
அப்ப எங்கப்பா பண்றதுக்கு கேஸ் எதுவும் கிடையாதா சார்?

கறுப்புக்கோட்டு:
கிரிமினல் கேஸ் கிடையாது. இந்திய தண்டனைச் சட்டத்துல கள்ளத்தொடர்ப குற்றமாக்கின பழைய 497ஆவது பிரிவ சுப்ரீம் கோர்ட் 2018 செப்டம்பர் 27ஆம் தேதி ரத்து பண்ணிடுச்சு, அந்த சட்டத்துக்கு பதிலா 2024 ஜூலைல வந்த பாரதிய நியாய சன்ஹிதாலயும் அது இல்ல. அந்த 497 இருந்தப்பவும் மனைவியால வழக்கு போட முடியாது, அது அடுத்தவன் பொண்டாட்டினு புருஷனுக்கு மட்டும் குடுத்த உரிமை. இப்ப உங்கம்மா நெனச்சா இத காரணமா காட்டி விவாகரத்து கேக்கலாம், ஜீவனாம்சம் கேக்கலாம். முதல் கல்யாணம் இருக்கறப்பவே ரெண்டாவது தாலி கட்டியிருந்தா மட்டும் குற்றம், புது சன்ஹிதால 82ஆவது பிரிவு, 7 வருஷம் வரைக்கும். எதுவானாலும் முடிவு எடுக்க வேண்டியது உங்கம்மா. நீ இல்ல.

வெள்ளைப்பூண்டு:
சட்டத்த விடுங்கப்பா. தம்பி, அவ உன்ன ரெண்டு வருஷம் முட்டாளாக்கிருக்கா. லவ்வுல உண்மை வேணும். என் ஆளு என்கிட்ட இப்படி ஒரு விஷயத்த மறைச்சிருந்தா அன்னைக்கே பிளாக்தான்.

மட்டுறுத்துநர்:
அந்தப் பெண்ணின் அம்மாவைப் பற்றி வந்த கீழ்த்தரமான பதில்கள் நீக்கப்பட்டன. "வெச்சிக்கிட்டவ", "வப்பாட்டி" என்று எழுதுகிறவர்கள் இந்த இழையில் தொடர முடியாது.

சின்னவீட்டுப்பையன்:
மட்டுறுத்துநரே என் ஐடிய பாத்து பயந்துடாதீங்க, நான் வேணும்னேதான் இந்தப் பேர் வெச்சிருக்கேன். நான் ரெண்டாவது வீட்டு பையன். வயசு 31.

வெள்ளைப்பூண்டுக்கு சொல்றேன். உங்களுக்கு வாய் தொறந்து பேசறது ஈஸி, ஏன்னா நீங்க பேசினா யாரும் பட்டினி கெடக்க மாட்டாங்க. எங்க வீட்டுக்கு அப்பா செவ்வாயும் வெள்ளியும் வருவாரு. தெருவுல யாராவது கேட்டா துபாய்ல இருக்காருனு சொல்லணும். அந்த துபாய்க்காரர் செருப்பு வாசல்ல கெடக்கக்கூடாது, உள்ள எடுத்து வெக்கணும், அது என் வேலை. ஒண்ணாவதுல இருந்து அத செஞ்சிருக்கேன். யாரும் என்ன உக்கார வெச்சு இது ரகசியம்னு சொன்னதில்ல. ஒரு தடவ பக்கத்து வீட்டு பாட்டிகிட்ட "எங்கப்பா நேத்து முறுக்கு வாங்கிட்டு வந்தாரு"னு உளறிட்டேன், அன்னைக்கு எங்கம்மா என்ன அடிக்கல, திட்டல, ராத்திரி சாப்பிடாம செவுத்த பாத்துட்டு படுத்துக்கிட்டாங்க. அதுக்கப்பறம் நான் யார்கிட்டயும் எதையும் சொன்னதில்ல. என் பொண்டாட்டிகிட்டயே கல்யாணத்துக்கு கொஞ்ச நாள் முன்னாடிதான் சொன்னேன், கை நடுங்கிடுச்சு.

அப்பா செத்தப்ப எங்கள உள்ள விடல. நான் பந்தலுக்கு வெளிய டீ கடைல நின்னேன். பெரிய வீட்டு அண்ணன் கொள்ளி வெக்க போறப்ப என்ன பாத்துட்டு ஒரு செகண்ட் நின்னாரு, அப்பறம் போயிட்டாரு. அவர் மேல எனக்கு கோவம் இல்ல, அவருக்கும் அன்னைக்குத்தான் நான்னு ஒருத்தன் இருக்கறதே தெரிஞ்சிருக்கும்.

அதனால தம்பி, அந்தப் பொண்ணு உன்கிட்ட மறைச்சது உன்ன ஏமாத்த இல்ல. அவங்கம்மாக்கு மாச சம்பளம் எங்க இருந்து வருது? உங்கப்பா ஆபீஸ்ல இருந்து. ஸ்கூல் ஃபீஸ், டியூஷன் ஃபீஸ்? அதே. அவ வாய் தொறந்தா அடுத்த மாசம் அரிசி இல்ல. நீ வாய் தொறந்தா? உனக்கு சங்கடம், அவ்வளவுதான். ரெண்டும் ஒண்ணு இல்ல. அப்படி இருந்தும் கடைசில உன்கிட்ட சொன்னாளே, அவ எத பணயம் வெச்சு சொன்னானு மட்டும் பாரு.

சேலத்துமாம்பழம்:
நானும் ஒரு பொண்ணா சொல்றேன். இவர் அப்பா புராணம் பாடறப்பலாம் அவ என்ன நெனச்சிருப்பா? எங்க வீட்டு செவுருக்கு அந்தப் பக்கம் இருக்கற மனுஷன பத்தி எனக்கு பிடிச்ச பையன் பெருமையா பேசறான், நான் தலைய ஆட்டணும். எனக்கு படிக்கறப்பவே மூச்சு முட்டுது 😔

வெள்ளைப்பூண்டு:
சரி நான் அந்தக் கோணத்துல பாக்கல. ஆனா அவங்கம்மா பண்ணது சரியா? புருஷன் வேலை பாத்த முதலாளி கூடவே. அந்த அம்மாக்கு தெரியாதா அவருக்கு குடும்பம் இருக்குனு?

ஈரோட்டுஅக்கா:
சரினு யார் சொன்னா? ஆனா ஒண்ணு யோசிங்க. புருஷன் செத்து போயிட்டாரு, கையில ஒரு குழந்தை, அந்த ஊர்ல ரிக் தொழில விட்டா அவங்களுக்கு தெரிஞ்ச தொழில் இல்ல, வேலை குடுத்தது அந்த மனுஷன். அவர் வந்து கதவ தட்டறப்ப முடியாதுனு சொல்ற இடத்துல அந்த அம்மணி இருந்தாங்களா? இருந்திருக்கலாம், ஆசைப்பட்டே கூட இருந்திருக்கலாம், தனியா இருக்கற பொம்பளைக்கு ஆசையே வரக்கூடாதா. எனக்கு தெரியாது, உங்களுக்கும் தெரியாது. முதலாளிக்கு மட்டும் தெரியும் அவங்களால வேலைய விட முடியாதுனு.

தம்பி, உங்கம்மாக்கு தெரியாதுனு எப்படி அவ்வளவு உறுதியா சொல்ற? எனக்கு கல்யாணமாகி 22 வருஷம் ஆச்சு. எங்க வீட்டுக்காரர் சட்டைய துவைக்க போடறப்பவே அன்னைக்கு எந்த கடைல டீ குடிச்சாருனு எனக்கு தெரியும்.

கோபால்சாமி:
ரெண்டு பேரும் ஒரே சாதி ஆளுங்களா? இல்லைனா உங்க மாவட்டத்துல ரொம்ப கவனம். 2015ல கோகுல்ராஜ்ங்கற தலித் பையன் வேற சாதி பொண்ணு கூட கோயில்ல பேசிட்டு இருந்தாருங்கறதுக்குத்தான் கடத்திட்டு போய் கொன்னாங்க. 2022 மார்ச்சுல மதுரைல 10 பேருக்கு ஆயுள் தண்டனை குடுத்தாங்க, ஆனா போன உயிர் போனதுதான்.

பேர்வேண்டாம்18:
வேற வேற ஆளுங்கதான். அந்த கதைய சொல்லி சொல்லித்தான் எங்கம்மா என்ன வளத்தாங்க, தெரியாம இல்ல.

எல்லாருக்கும் நன்றி. சின்னவீட்டு அண்ணா, உங்க செருப்பு விஷயத்த படிச்சிட்டு அவளுக்கு ஃபோன் பண்ணேன். நான் திட்டத்தான் போறேன்னு நெனச்சு எடுக்கவே இல்ல. மெசேஜ்ல "உன் மேல கோவம் இல்ல"னு போட்டேன். ரொம்ப நேரம் கழிச்சு "எனக்கு உன் மேல இருக்கு"னு ரிப்ளை வந்துச்சு. எதுக்குனு கேட்டதுக்கு, "நீ உங்கப்பா மாதிரியே சிரிக்கற"னு சொல்றா.

இதுக்கு நான் என்ன பண்ண முடியும்?

சேலத்துமாம்பழம்:
ஒண்ணும் பண்ண முடியாது. அவளுக்கு டைம் குடுங்க. மார்ச்சுல பப்ளிக் எக்ஸாம் வேற. ரெண்டு பேருக்கும் சொல்றேன், ரொம்ப பாரமா இருந்தா 14416க்கு அடிங்க, டெலி மனஸ், காசு கிடையாது, தமிழ்லயே பேசுவாங்க. அவளுக்கு இன்னும் 18 ஆகலைல, 1098ம் இருக்கு. நான் ஒரு தடவ 14416க்கு பேசிருக்கேன், அட்வைஸ் மழை பொழிவாங்கனு நெனச்சேன், அப்படி இல்ல.

பேர்வேண்டாம்18:
அப்டேட். பொங்கலுக்கு ஊருக்கு போயிருந்தேன். ஈரோட்டு அக்கா சொன்னதுதான் நடந்துச்சு.

நான் சொல்லவே இல்லைங்க. மாட்டுப்பொங்கல் அன்னைக்கு அம்மா சமையக்கட்டுல "என்னடா அப்பாகிட்ட மூஞ்சி குடுத்தே பேச மாட்டேங்கற"னு கேட்டாங்க, நான் ஒண்ணும் இல்லைனு சொன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு அவங்களே "ஆபீஸ் விஷயமா?"னு கேட்டாங்க. எனக்கு தூக்கி வாரிப் போட்டுச்சு. நாலு வருஷமா தெரியுமாம். முதல் வண்டி வாங்கறப்ப அம்மாவோட நகையும் ரெண்டு தாய்மாமனுங்க காசும் போட்டிருக்கு, இத கிளப்பினா மாமனுங்க வந்து வண்டிய நிறுத்துவாங்க, ஃபைனான்ஸ்காரன் தூக்கிட்டு போவான், தங்கச்சி இருக்கா, உன் படிப்பு இருக்குனு கணக்கு சொல்ற மாதிரி சொன்னாங்க. அழவே இல்ல. நான்தான் அழுதேன்.

அவ விஷயத்த சொல்லல. ஆனா மறுநாளே பெரிய சண்டை. பையனுக்கு வரைக்கும் தெரிஞ்சு போச்சு, இனி என்ன மறைக்கறதுனு அம்மா கத்த ஆரம்பிச்சுட்டாங்க. முடிவா அப்பா என்ன பண்ணாருன்னா, அத்தைய வேலைய விட்டு நிறுத்திட்டாரு. அவ்வளவுதான். அவர் பாட்டுக்கு வண்டி கூட நாக்பூர் பக்கம் கிளம்பி போயிட்டாரு. அம்மாக்கும் நிம்மதி இல்ல, அங்க ஒரு குடும்பத்துக்கு சம்பளம் இல்ல, அவளுக்கு எக்ஸாம்க்கு ஒன்றரை மாசம்தான் இருக்கு. ஊர் முழுக்க தப்பு பண்ணவ அத்தைனு பேச்சு. அப்பாவ யாரும் ஒரு வார்த்தை கேக்கல.

ஈரோட்டுஅக்கா:
தெரியும். இப்படித்தான் முடியும்னு தெரியும். எம்மேலயே எரிச்சலா வருது இத படிச்சா.

ஓய்வுவாத்தியார்:
அந்தப் பெண்ணின் தேர்வுக் கட்டணம், டியூஷன் ஏதாவது பாக்கி இருந்தால் சொல் தம்பி. பெயர் தெரியாமல் கட்ட வழி இருக்கிறது. முன்பு நான் எழுதியதில் இப்போதும் பாதிக்கு மேல் எனக்கு உடன்பாடுதான், ஆனால் பிள்ளை பரீட்சை எழுதாமல் போகக்கூடாது.

கறுப்புக்கோட்டு:
தம்பி ஒரு கேள்வி. அவங்க அப்பா வேலை செய்யறப்ப சைட்லதான் இறந்தாருனு முதல் பதிவுல எழுதிருந்த. உங்கப்பா நஷ்டஈடு கட்டினாரா?

பேர்வேண்டாம்18:
கையில ரெண்டு லட்சம் குடுத்தாரு, காரியச் செலவு பாத்தாருனு சொல்லுவாங்க சார். அதுக்கப்பறம்தான் வேலை.

கறுப்புக்கோட்டு:
அப்ப இந்த இழைல எல்லாரும் பேசாம விட்ட விஷயம் இதுதான். வேலை நேரத்துல விபத்துல இறந்தா முதலாளி நஷ்டஈடு கட்டியே ஆகணும், அப்ப இருந்தது 1923ல வந்த தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம். அதையும் குடும்பத்து கையில குடுத்தா குடுத்ததா கணக்கு இல்ல, தொழிலாளர் நஷ்டஈட்டு ஆணையர்கிட்ட டெபாசிட் பண்ணணும், ஏன்னா கையில கொஞ்சத்த குடுத்துட்டு வாய மூடற முதலாளிங்கள அந்த சட்டம் எழுதினவங்களுக்கு நல்லா தெரியும். கணக்கு எப்படினா, மாச சம்பளத்துல பாதிய எடுத்து வயசுக்கு உண்டான எண்ணால பெருக்கணும். 40 வயசுனா 184.17. சம்பளம் எவ்வளவு இருந்தாலும் 8,000 தான்னு ஒரு வரம்பு இருந்துச்சு, 2020 ஜனவரில 15,000 ஆக்கினாங்க. பழைய வரம்புல பாத்தாலே 7,36,680 ரூபா, புதுசுனா 13 லட்சத்துக்கு மேல. கட்டாம இழுத்ததுக்கு 12 சதவீதம் வட்டி தனி. ரெண்டு வருஷத்துக்குள்ள கேக்கணும்னு விதி, ஆனா தகுந்த காரணம் இருந்தா தாமதத்த மன்னிக்க ஆணையருக்கு அதிகாரம் இருக்கு. அந்த முதலாளிகிட்டயே சம்பளம் வாங்கிட்டு இருந்த விதவை எப்படி கேஸ் போட முடியும்னு சொல்றத நான் நல்ல காரணமாத்தான் பாக்கறேன், ஆனா கிடைக்கும்னு உறுதி குடுக்க மாட்டேன்.

சம்பவம் எம்பில நடந்தாலும் அவங்க குடியிருக்கற ஊர்லயே மனு போடலாம். காசு இல்லைனா 15100க்கு அடிச்சா மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுல இலவசமா வக்கீல் குடுப்பாங்க, பெண்களுக்கு வருமான வரம்பெல்லாம் கிடையாது. வண்டி இன்சூரன்ஸ்ல ஆளுங்களுக்கு கவர் போட்டிருந்தா கம்பெனி கட்ட வேண்டி வரலாம், அந்தப் பாலிசி பேப்பர் உங்க வீட்லதான் இருக்கும்.

சின்னவீட்டுப்பையன்:
சார் 🙏 இத்தன வருஷமா அந்த அம்மா வாங்கினது பிச்சையும் இல்ல, வேற எதுக்கான காசும் இல்ல. அவங்களுக்கு வர வேண்டிய கடன்லயே ஒரு துளி.

வெள்ளைப்பூண்டு:
ஆனா தம்பி, அது உங்கப்பாக்கு எதிரா போற கேஸ். உங்கம்மா நகை போட்ட வண்டி. யோசிச்சு பண்ணு.

பேர்வேண்டாம்18:
யோசிச்சிட்டேதான் இருந்தேன் அண்ணா, அதான் இவ்வளவு நாள் எழுதல. அம்மாகிட்டயே கேட்டுட்டேன். ரொம்ப நேரம் பேசல. அப்பறம் "அந்த மனுஷன் செத்தப்ப நான்தான் அவளுக்கு தலைக்கு தண்ணி ஊத்துனேன்"னு மட்டும் சொன்னாங்க. பீரோல இருந்து பழைய இன்சூரன்ஸ் ஃபைல எடுத்து டேபிள் மேல வெச்சுட்டு மாட்டுக்கு தண்ணி காட்ட போயிட்டாங்க. இத சம்மதம்னு எடுத்துக்கலாமானு தெரியல. நான் எல்லா பக்கத்தையும் ஃபோட்டோ எடுத்துட்டேன்.

அவளுக்கு கறுப்புக்கோட்டு சார் எழுதினத அப்படியே அனுப்பினேன். "எக்ஸாம் முடியட்டும், அம்மாகிட்ட காட்டறேன். அதுவரைக்கும் எனக்கு மெசேஜ் பண்ணாத, கெமிஸ்ட்ரி ஒண்ணுமே ஓடல"னு போட்டிருக்கா. லவ்வு இருக்கா இல்லையானு நான் கேக்கல, அவளும் சொல்லல.

கறுப்புக்கோட்டு:
நல்லது. பாலிசில விபத்து நடந்த தேதி கவர் ஆகுதானு முதல்ல பாரு. அப்பறம் எம்பி ஸ்டேஷன்ல போட்ட எஃப்ஐஆர் காப்பி, போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், இறப்பு சான்றிதழ், இந்த மூணும் அவங்க வீட்ல இருக்கா? ஹிந்தில இருந்தாலும் பரவால்ல.

பேர்வேண்டாம்18:
இறப்பு சான்றிதழ் கண்டிப்பா இருக்கும் சார், ஸ்கூல்ல ஸ்காலர்ஷிப்புக்கு குடுத்திருக்கா. மத்தது எக்ஸாம் முடிஞ்சு கேக்கறேன். பாலிசி நம்பர் தெளிவா இருக்கு, தேதி மேல சீல் விழுந்து மறைஞ்சிருக்கு, உங்களுக்கு தனி மெசேஜ்ல அனுப்பட்டுமா?

கறுப்புக்கோட்டு:
அனுப்பு.